பின் நங்கூரம்

"கப்பல் மணல்ல ஏறிட்டா, திரும்ப யாருப்பா தள்ளி விடுவாங்க?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"யாரும் தள்ள வேண்டாம்மா. கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே பின்பக்கமா ஒரு நங்கூரத்தைக் கடல்ல போட்டுடுவோம். வேலை முடிஞ்சதும் அதோட வடத்தைச் சுத்தி இழுத்தா, கப்பல் தானா பின்னால போயிடும்."

அந்த நங்கூரத்தைப் போடுவதும் இழுப்பதும்தான் அவர் வேலை. கப்பலுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண். போர் அவசரத்தில் கட்டியது. அடிப்பாகம் தட்டை, லேசான அலைக்கே உருண்டு ஆடும். முகப்புக் கதவைத் திறந்தால் டாங்கிகள் நேராக மணலில் இறங்கும்.

முதல் கரையிறக்கத்தில் குண்டுச் சத்தத்தில் அவர் குனிந்து பதுங்கிவிட்டார். நங்கூரத்தைத் தாமதமாக, கரைக்கு மிக அருகில் போட்டுவிட்டார். இழுத்தபோது அது பிடிக்காமல் மண்ணைக் கிழித்துக்கொண்டே வந்தது. கடல் மறுபடி ஏறும்வரை கப்பல் மணலில் கிடந்து அடி வாங்கியது. ஏழு பேர் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் 'உழவர்'. "உழவரே, இன்னிக்கு எத்தனை ஏக்கர்?" என்பார்கள். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. சமையல்காரர் மட்டும் தட்டோடு வந்தார்.

"தள்ளி உக்காருய்யா. உப்பு கம்மின்னு மட்டும் சொல்லிடாத, அழுதுடுவேன்."

அன்றுதான் அவர் தட்டைக் காலி செய்தார். கடவுள் சில சமயம் தட்டோடு வந்து உட்காருவார் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை கப்பல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் பிணங்களை ஏற்றி வந்தது. மூன்றாம் முறை, தோற்றுத் திரும்பும் படையை ஏற்றப் போனது. காயம்பட்டவர்களைத் தூக்க ஆள் போதாமல் சமையல்காரரும் கரையில் இறங்கினார். அவரோடு வடம் இழுக்கும் உதவியாள் அன்று காலையில் இறந்துவிட்டதால் பின்தளத்தில் உழவர் தனியாக இருந்தார்.

மேல்தளத்திலிருந்து வரும் பேச்சுக்குழாயில் கேப்டன் கத்தினார்: "இழுய்யா! தண்ணி வடியுது!"

உழவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். காயம்பட்ட சிப்பாய் ஒருவனை முதுகில் சுமந்தபடி, விழுவதும் எழுவதுமாகச் சமையல்காரர் வந்துகொண்டிருந்தார். இந்த முறை நங்கூரம் நன்றாகப் பிடித்திருந்தது; வடம் விறைத்து நின்றது. இழுத்தால் சமையல்காரர் கரையில்தான். தாமதித்துக் கப்பல் மாட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் போனார்கள். உழவர் தண்ணீரைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுக்கும் என்று தோன்றியது. 'தப்பாயிருந்தா என்னை மட்டும் கேளு சாமி' என்று வேண்டிக்கொண்டு வடம் சுற்றும் உருளையின் பிரேக்கை அழுத்திப் பிடித்தார்.

"நங்கூரம் பிடிக்கல சார்!"

"மறுபடியுமா? உன்னைக் கட்டி வெச்சுச் சுடணும்!"

"ஆமா சார்."

சமையல்காரர் தடுமாறி, சுமையோடு முகப்புக்குள் மறைந்தார். உழவர் பிரேக்கை விட்டார். வடம் சுற்றியது, கப்பல் முனகிக்கொண்டு மணலைவிட்டு நழுவியது.

"பிடிச்சிடுச்சு சார்."

கரையில் இன்னும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கை நின்றுவிடக் கூடாதென்று, அவர் வடத்தை மட்டுமே பார்த்தார்.