பெல்ட்டில் இருந்த வருஷம்

தையல்காரருக்கு அந்தப் பழைய காரின் மேல் கொள்ளை ஆசை. வீட்டம்மா போட்டது ஒரே கண்டிஷன்: "நம்ம பொண்ணை விட மூத்த வண்டின்னா வாசல்ல நிக்கக் கூடாது." விற்றவன் இளசான வண்டி என்று அடித்துச் சொன்னான். இவரும் நம்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டம்மாவின் தம்பி மெக்கானிக். சாயங்காலம் அவன் வந்து வண்டி தயாரான வருஷத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதாக ஏற்பாடு.

மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானமே தானே தேடக் கிளம்பினார். டிரைவர் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்ததும் ஒரு துணி லேபிள் தெரிந்தது. அதில் அச்சடித்திருந்த வருஷத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பொண்ணுக்கு இரண்டு வயது மூத்தது. போச்சு, வண்டி கைவிட்டுப் போச்சு.

கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது புத்தி எங்கே நிற்கும்? லேபிளை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பிசிறு தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காதே. மிச்ச விளிம்பை மடித்து, அதே நிறத்தில் நூல் கோத்து, பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதுபோல் நெருக்கித் தைத்தும் வைத்தார்.

மச்சான் வந்தான். பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைத் துடைத்து வாசித்தான். கண்ணாடி மூலைகளில் பொறித்திருந்த வருஷக் குறிகளைப் பார்த்தான், பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தான்.

"பாப்பாவை விட மூணு வயசு சின்னது வண்டி, அக்கா. டிரைவர் பெல்ட் மட்டும் ஏதோ பழைய வண்டியிலேருந்து கழட்டிப் போட்டிருக்கான். கொக்கியே வேற மாதிரி இருக்கு."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சும்மா இருந்தாரா? "நான்தான் அப்பவே சொன்னேனே," என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"மத்த பெல்ட்டுல எல்லாம் லேபிள் இருக்கு, இதுல மட்டும் காணோமே," என்ற வீட்டம்மா அந்தத் தையலை விரலால் தடவினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை தைத்ததைத்தான் அவள் போட்டுக்கொள்கிறாள்.

"இது எந்தக் கம்பெனி தையல்?"

அவர் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது. மச்சான் பானெட்டுக்குள் தலையை விட்டுச் சிரித்தான்.

"வண்டி இருக்கட்டும், அது பொய் சொல்லல," என்று வீட்டம்மா சாவிக்குக் கை நீட்டினாள். "எனக்கும் லைசென்ஸ் இருக்கு. நீங்க பின்னாடி உக்காருங்க."

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஏறி உட்கார்ந்ததும் அவரால் சீட்டைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.