விளக்கு வைத்த நேரத்தில் நின்ற மில்

வியாபாரிகள் சங்க மாடியில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: பருப்பு மில் உரிமையாளர்களில் நான், அதாவது பொன்ராஜ், என் சித்தப்பா மகன் ஆனந்தகுமார், எங்கள் சாலையிலேயே மில் வைத்திருக்கும் முத்துராஜும் சீனிச்சாமியும். என் மகன் ஜெயக்குமார் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மின்சார அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் கிருஷ்ணப்ரியாவும், படம் காட்டும் பெட்டியைத் தூக்கி வந்த ஓர் ஊழியரும். அவ்வளவுதான். ஊரே திரண்டிருந்தது என்று பிறகு சொன்னவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. வடை வந்ததும் எட்டிப் பார்த்தவர்களை நான் சேர்ப்பதில்லை.

சுவரில் முதலில் ஒரு நகரத்தின் படம் வந்தது. கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் ஏரி, ஏரிக்கரையில் காற்றாடிகள். அருப்புக்கோட்டையில் அப்படி ஒரு ஏரி இருந்திருந்தால் நாங்கள் பருப்பு உடைத்துக்கொண்டிருக்க மாட்டோம். ஒவ்வொரு படத்துக்கும் ஆனந்தகுமார் கை தட்டினான். 'ஸ்மார்ட்' என்ற சொல் வரும்போதெல்லாம் முத்துராஜ் தலையாட்டினான். அதற்கு அர்த்தம் கேட்டிருந்தால் இருவரும் வடையைப் பார்த்திருப்பார்கள்.

திட்டம் இதுதான். எங்கள் நான்கு மில்களின் கூரையிலும் அலுவலகமே சோலார் தகடுகள் பதிக்கும். நடுப்பகலில் மின்சாரம் பெருகும், விலையும் குறையும். அப்போது மில்லை ஓட்ட வேண்டும். ஊர் முழுக்க விளக்கு எரிந்து விசிறி ஓடும் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை மில் நிற்க வேண்டும். எந்த நேரத்தில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று புது மீட்டர் அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்படிச் செய்தால் தூரத்திலிருந்து புதிதாகக் கம்பி இழுக்காமல், கரி எரிக்காமல், இருப்பதை வைத்தே ஊர் பல ஆண்டு சமாளிக்கலாம்.

வெயிலைப் பற்றி எங்களுக்கே பாடம் நடத்த வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மழையை நம்பி ஏமாந்த பூமி இது. வெயில் எங்களை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அதை ஒரு பெட்டியில் அடைத்துச் சுவரில் காட்ட வேண்டியதில்லை.

எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பகலில் உளுந்து களத்தில் காய்கிறது. காய்ந்த சூட்டோடு மாலையில் உடைத்தால்தான் தோல் சுத்தமாகப் போகும், பருப்பு முழுசாக விழும். இரவு கிடந்தால் நமுத்துவிடும். இது தெரியுமா என்று கேட்டேன். கேட்ட தோரணையில் அந்தப் பெண் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடும் என்று எதிர்பார்த்தேன்.

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா," என்றார் கிருஷ்ணப்ரியா. "சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இதை இகழ முயன்றேன். முடியவில்லை. முதல் நாள் காய்ந்ததை இரவு தார்ப்பாயால் மூடிவைத்து, காலை வெயிலில் ஒருமுறை காட்டிவிட்டு உடைத்தால் நடக்கலாம், ஆனால் கூலி கூடும் என்று நானே வழியும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சை எடுத்தார்.

"நாலு மில்லும் விளக்கு வைக்கிற நேரத்துல ஓடுது. கிழக்குத் தெருவுல அந்த நேரத்துல வோல்டேஜ் இறங்கி டியூப் லைட்டு எரியலைங்கய்யா. எங்க மீட்டர்ல தெரியுது."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்தவன் வீட்டு விளக்கை மங்கவைத்து நாங்கள் தொழில் செய்ததாக என் தகப்பனார் காலத்தில் யாரும் சொன்னதில்லை. கூட்டத்தைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு ஜெயக்குமாரின் வண்டியில் ஏறிக் கிழக்குத் தெருவுக்குப் போனேன். அந்தி கழிந்திருந்தது. வீட்டுக்கு வீடு டியூப் லைட்டுகள் கண் வலிக்காரனைப் போல இமைத்துக்கொண்டிருந்தன. வாசலில் சுளகு வைத்துப் புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், பெயர் வெள்ளைத்தாய் என்று பிறகு அறிந்தேன், ஏன் இப்படி என்று கேட்டேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஒம்பதரை வரைக்கும் இப்படித்தேன். பொன்ராஜ் மில்லு நிக்கட்டும், எரியும்."

நான்கு மில்லில் அவள் வாயில் வந்தது எங்கள் பெயர். ஏதோ காய்ச்சலின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள்.

சங்கத்துக்குத் திரும்பி, உட்காராமலே சொன்னேன், என் மில் நிற்கும் என்று. அதற்கும் ஆனந்தகுமார் கை தட்டினான். "அண்ணாச்சி வாக்கு எங்க வாக்கு," என்றான். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாக்கை ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பார்கள். யாரோடு சேர்ந்து கொடுக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

தகடு பதித்து, மீட்டர் மாற்றி, எல்லாம் முடியக் கோடை வந்துவிட்டது. முதல் நாள் மாலை ஆறரைக்கு, மில் மேஸ்திரி அழகுராஜாவிடம் நிறுத்தச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"முதலாளி, வீட்டுல எல்லாரும் சொகந்தானே?"

அவன் கேட்டதில் தப்பில்லை. மில்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைத்த பிறகு, பாதி வேலையில் மில் நிற்பது ஒன்றுக்காகத்தான்: முதலாளி வீட்டில் சாவு. என் தகப்பனார் தவறிய அன்று எங்கள் மில் அப்படி நின்றது. அடுத்த கடைக்காரர் யாரும் சொல்லாமலே கதவை இறக்கினார். மின்சார அலுவலகத்தின் படங்களில் இந்த வழக்கத்துக்கு இடம் இருந்திருக்காது. எங்களுக்காவது நினைவு வந்திருக்க வேண்டும். நான்கு மில்காரர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டோம், ஒருவனுக்கும் வரவில்லை.

மில் நின்றது. நான் வீட்டுக்குள் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கூடிக்கொண்டே போனது. எட்டிப் பார்த்தால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாதி பஜார் நிற்கிறது. இரண்டு பெண்கள் அழத் தொடங்கி, என்னைக் கண்டதும் பாதியில் விழுங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆனந்தகுமார், கையில் ஆள் உயர ரோஜா மாலையோடு. சட்டையெல்லாம் உளுந்துத் தூசி.

"ஏலே ஆனந்தா, யாருக்கு மாலை?"

"அண்ணாச்சி... மில்லு நின்னுருச்சுன்னு சொன்னாக..."

"ஆறரைக்கு நிக்கணும்னு நீயும்தானே கையெழுத்துப் போட்ட? உன் மில்லு ஏன் நிக்கல?"

அவன் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். என் மில் ஏன் நின்றது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. சொன்ன சொல்லை நான் காப்பாற்றுவேன் என்பதைவிட நான் செத்துப்போவது அவனுக்கு நம்பும்படியாக இருந்திருக்கிறது. ரோஜா வாடும் முன் யாருக்காவது போடச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சாகவில்லை என்று தெரிந்ததும் ஊர் அடுத்ததற்குப் போனது. பொன்ராஜ் மில் நொடித்துவிட்டது. விளக்கு வைத்த நேரத்தில் ஓடாத மில் வேறு எதற்காக நிற்கும்? பேத்தி பிரவீணாவுக்குக் காரியாபட்டியில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் போன் செய்து, எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார்கள் என்று என் மனைவி கோகிலாம்பாள் சொன்னாள்.

ஜெயக்குமார் ஒரு வழி சொன்னான்.

"ஒரு வாரம் ஓட்டுவோம்ப்பா. ஊரு வாயை அடைச்சிட்டு அப்புறம் நிறுத்திக்கிடலாம். மத்த மூணு பேரும் ஓட்டிக்கிட்டுத்தானே இருக்காக?"

"வாக்குக் கொடுத்துட்டு லீவு எடுக்க அது என்ன பள்ளிக்கூடமா?"

அவன் போய்விட்டான். சொன்னது எளிது. வாக்கை மீறினால் நான் ஆனந்தகுமார் ஆகிவிடுவேன். காத்தால், சம்பந்தம் கையைவிட்டுப் போகலாம். எந்தப் பக்கம் போனாலும் கெடப்போவது எங்கள் பெயர்தான். அந்த வாரம் எனக்குச் சோறு ருசிக்கவில்லை.

கிருஷ்ணப்ரியா மில்லுக்கு வந்தார். என் மில் ஒன்று நின்று பயனில்லை, கிழக்குத் தெரு அப்படியேதான் இருக்கிறது என்றார். இப்படியே போனால் திட்டத்தை இந்தச் சாலையிலிருந்து எடுத்து வேறு பகுதிக்குக் கொடுக்கும்படி மேலிடம் சொல்லும். மூன்று பேருக்கும் நோட்டீஸ் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நோட்டீஸைக் கண்டால் இவர்கள் வக்கீல் வீட்டுக்குப் போவார்கள், வெட்கப்பட மாட்டார்கள்.

அன்று மாலை மில் வாசலில் பெரிய விளக்கைப் போடச் சொன்னேன். சாவு வீட்டு மில்லின் வாசல் இருண்டிருக்கும். எங்கள் வாசலில் விழுந்த ஊசியை எடுக்கலாம். சலவைச் சட்டையோடு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சில காலி நாற்காலிகள். கடையில் பொம்மையை நிறுத்துவது போல இந்த வயதில் என்னையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. சாகவும் இல்லை, நொடிக்கவும் இல்லை என்று ஊருக்குக் காட்டத்தான் உட்கார்ந்தேன். வேறொன்றும் நடந்தது.

எங்கள் மில் அந்தச் சாலையிலேயே பெரியது. அது ஓடும்வரை மற்ற மில்களின் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டது. பந்தல்குடியிலிருந்து சரக்கு இறக்க வந்தவர்கள், பஜாரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். காப்பி கொடுத்தேன். மில் ஏன் நிற்கிறது என்று கேட்டவர்களிடம், கொடுத்த வாக்குக்காக என்று மட்டும் சொன்னேன். அப்புறம் ஓடுவது யார் மில் என்று அவர்களே கேட்பார்கள். அது சீனிச்சாமி மில்லு, அது முத்துராஜ் மில்லு, அந்தப் பெரிய சத்தம் ஆனந்தகுமாரோடது, மூணு பேரும் கையெழுத்துப் போட்டவுக என்று சொல்வேன். கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. வியாபாரத்தில் இருப்பவனுக்குக் கையெழுத்து என்றால் போதும்.

சீனிச்சாமி மில் முதலில் நின்றது. அடுத்து முத்துராஜ், பெல்ட் அறுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நிறுத்தினான். அறுந்த பெல்ட் பிறகு மாலையில் மட்டும் ஒட்டவே இல்லை.

தனியாக ஓடும் மில்லின் சத்தம் ஊருக்கே கேட்கும். ஆனந்தகுமார் ஒருநாள் கோபமாக வந்து என் எதிரில் நின்றான்.

"வாசல்ல உக்காந்து எம் மானத்தை வாங்குறீகளே அண்ணாச்சி, இது நல்லாருக்கா?"

"உன் மானம் எங்கிட்ட எங்கடா இருக்கு? அந்தா ஓடுதே, கேக்கலையா?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரிப்பை அடக்கக் காப்பியைக் குடித்தார். மறுநாள் ஆறரைக்கு அவன் மில்லும் நின்றது. கிழக்குத் தெருவில் விளக்குகள் நிலையாக எரிகின்றன என்று ஜெயக்குமார் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நான் போகவில்லை. நன்றி சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

காரியாபட்டிக்காரர்கள் ஒரு மாலை நேரத்தில்தான் வந்தார்கள். மில் ஓடியிருந்தால் கத்திப் பேசியிருக்க வேண்டும். சாவதானமாகப் பேசி ஆவணியில் நாள் குறித்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார் மில் நிற்பதைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வாக்குக்காக மில்லை நிறுத்துகிற வீட்டில் பெண் எடுப்பதில் தனக்குக் குறையில்லை என்றார்.

மின்சார அலுவலகம் என்றால் பில் போடுகிற இடம் என்றே நான் நினைத்திருந்தேன். எந்த நேரத்தில் எந்தத் தெரு எதற்காக மின்சாரத்தை இழுக்கிறது என்று விசாரித்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒருவர் அங்கே இருந்தால், இந்த ஊரை நடத்த அந்த அலுவலகம் போதும். கண்ணாடிக் கட்டடமும் ஏரியும் தேவையில்லை. இப்போது அரிசி ஆலைக்காரர்களுக்கும் கூட்டம் போடுகிறார்களாம். ஆனந்தகுமார் அங்கே போய் அனுபவம் பேசுகிறானாம். பேசட்டும். வடை இருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மின்சார ஆபீஸ்காரர்கள் கம்பியை வெட்டியதால்தான் பொன்ராஜ் மில் நின்றது என்று பந்தல்குடி, வீரசோழன் வரை ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். யாரும் எங்கள் கம்பியைத் தொடவில்லை. சுவிட்சை அணைத்தது அழகுராஜா. அணைக்கச் சொன்னது நான்.