கடைசியாக அணைகிற மெஷின்

சனிக்கிழமை பத்து மணிக்குத் தெருவில் மின்சாரம் நிறுத்துவார்கள். ஒன்பதரைக்கே ஆப்பரேட்டர் வந்துவிட்டார். அவருடைய நாற்காலியில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதினொரு மெஷின்களும் லினக்ஸ் சர்வர் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் ஓடின. தொட முடியாத, திரையில் பெயராக மட்டுமே தெரிகிற மெஷின்கள். சனிக்கிழமைதோறும் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, மின்சாரம் வந்ததும் வரிசை மாறாமல் எழுப்ப எட்டு வருடமாக அவருக்கு ஒருநாள் கூலி.

மச்சினனை இங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். ஆறே மாதத்தில் அவனுக்கு நிரந்தர வேலை. "என் தம்பி கெட்டிக்காரன்னு சொன்னேனா இல்லையா?" என்று மனைவி தினமும் சோற்றோடு பரிமாறினாள்.

"புரோகிராம் எழுதிட்டேன். இனிமே எல்லாம் தானா அணையும், தானா எழுந்திரிக்கும் மாமா. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள அணையலேன்னா புரோகிராமே அதைப் பட்டுனு பிடுங்கிடும்."

"எட்டு வருஷமா நான் கெஞ்சிக் கெஞ்சித் தூங்க வெச்சேன். நீ கழுத்தைப் பிடிச்சுத் தள்றே."

மச்சினன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை, மெஷின்களை அணைக்கும் முறையை எழுதிக்கொண்டு அவன் கேட்டிருந்தான்: "வேற ஏதாவது இருக்கா மாமா?" "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டார். ரிப்போர்ட் மெஷின் வாரக் கடைசியில் அணைய ஏழு நிமிடம் எடுக்கும். அந்த வார முடிவுகளையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடும். நடுவில் பிடுங்கினால் பாதி ரிப்போர்ட் போய்விடும். போகட்டும். மேனேஜர் இவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்கட்டும். மூன்று இரவுகள் அதை நினைத்துத்தான் தூங்கினார்.

பத்துப் பெயர்கள் திரையில் அணைந்தன. ரிப்போர்ட் மெஷின் மட்டும் மிச்சம். மூன்று நிமிடம். மேனேஜர் பின்னால் வந்து நின்றார். நான்கு. திங்கட்கிழமை ரிப்போர்ட் வாங்க ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களின் வரிசை ஆப்பரேட்டருக்கு ஞாபகம் வந்தது. நான்கு நாற்பது.

"நிறுத்துடா!"

மச்சினன் பதறி விசையைத் தட்டிப் புரோகிராமை நிறுத்தினான். "என்னாச்சு மாமா?"

"அதுக்கு ஏழு நிமிஷம் வேணும். விடு, தானா போகும்."

ஆறு நிமிடம் ஐம்பது விநாடியில் அந்தப் பெயர் அணைந்தது. மச்சினன் புரோகிராமில் அதற்கான முந்நூறு விநாடிக் கெடுவை அறுநூறு ஆக்கிச் சேமித்தான்.

"புதன்கிழமையே ஏன் சொல்லல?"

அவர் முக்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். அவன் மறுபடி கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு மின்சாரம் வந்தது. யாரும் தொடாமலே பதினொரு பெயர்களும் வரிசையாக எழுந்தன. மேனேஜர் மச்சினனின் தோளைத் தட்டினார். "பிரமாதம்பா. இனிமே சனிக்கிழமை யாரும் வர வேண்டாம்."

வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். 'செய்த வேலை' என்ற இடத்தில் மச்சினன் எழுதினான்: பதினொரு மெஷின், அணைத்து எழுப்பியது. ஆப்பரேட்டர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம் சார், பின்னாடி ஆள் நிக்குது. இன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

காவலாளி பேனாவைத் திரும்ப வாங்கி, அவர் பெயருக்கு நேரே, சும்மா வந்து போகிறவர்களுக்குப் போடுவது போல ஒரு கோடு போட்டார்.