ஏலத்துக்கு முன்னால் ஒரு ராடு

கனகதாஸ் ஏலத்துக்கு வந்த வெல்டிங் மெஷினின் பின்னால் குந்தி, காற்றுப் போகும் ஓட்டைகளில் மூக்கை வைத்து மோந்து பார்த்தான். உள்ளே சுருள் கருகியிருந்தால் எரிந்த வார்னிஷ் வாடை வரும். வரவில்லை. சாவி முனையால் கம்பியை லேசாகச் சுரண்டினான். செம்பு. நல்ல சரக்கு. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டான். நாலடி தள்ளி நின்ற சஜி மெஷினைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாறசாலைப் பக்கம் எந்த ஏலத்துக்குப் போனாலும் சஜிக்கு இதுதான் வழக்கம். தானாக ஒன்றையும் தொட்டுப் பார்க்கமாட்டான். விவரம் தெரிந்தவன் எதன் அருகில் அதிக நேரம் நிற்கிறானோ அதற்குக் கையைத் தூக்குவான். மூளையைக்கூட இரவல் வாங்கியே பிழைத்துவிட்ட மகராசன். கனகதாஸின் சொந்த மெஷின் போன வாரம்தான் புகைந்து போனது. அம்பூரிப் பள்ளிக்கூடத்து கேட் பாதியில் கிடக்கிறது. திங்களுக்குள் ஒரு மெஷின் அமையாவிட்டால் அந்த வேலையும் சஜிக்குப் போய்விடும்.

“உள்ள மொத்தம் அலுமினியம்,” என்றான் சத்தமாக. “காயில் சுருளும் கருகிப்போச்சு. ஆக்கர் கடையில பழைய இரும்பா கிலோ கணக்குல போட்டாத்தான் உண்டு.”

சொன்ன பிறகுதான் வாசலில் நின்ற எப்சியைக் கண்டான். பட்டறைக்காரன் பொன்னப்பனின் மனைவி. பொன்னப்பன் ஏணியிலிருந்து விழுந்து படுக்கையானபின் கடன் கொடுத்த சொசைட்டி பட்டறையைப் பூட்டியது. இன்று ஏலத்தில் விழும் விலைதான் அவர்கள் கடனில் கழியும். கனகதாஸுக்கு வெட்கம் காதுவரை ஏறியது.

“கருகினதா இல்லியாண்ணு ஓட்டிப் பாத்துட்டு சொல்லணும் அண்ணா,” என்றாள் எப்சி. “பூட்டுறதுக்கு முன்ன, போன மழையிலயும் வாரம் ஒருக்க நானாக்கும் இத போட்டு சூடாக்கி, ஈரம் பிடிக்காம வச்சேன். இங்க கரண்ட வெட்டியாச்சு, பக்கத்து மாவு மில்லுல உண்டு. வயர் எடுத்திட்டு வாறேன்.”

ஏலம் விட வந்த சொசைட்டி உமேஷ் வேண்டாமென்று சொல்லவில்லை. வயர் வந்தது. மெஷின் உறுமியது. அவள் இரண்டு இரும்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, ஒரு வெல்டிங் ராடைக் கனகதாஸிடமே நீட்டினாள்.

“நீங்களே பிடிங்க. நீங்கதானே சொன்னது.”

கெடுப்பது எளிது. ராடை ஒரு அழுத்து அழுத்தினால் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பாத்தியளா என்று ஒரு வார்த்தை சொன்னால் சஜி நடையைக் கட்டிவிடுவான். இப்போது அழுத்து, இப்போது அழுத்து என்று மனம் பறந்தது. கை கேட்கவில்லை. இருபது வருடம் ஒழுங்காக ஓடிய கை, ஒரே சீராக ஓடி ராடு தீர்ந்த பிறகுதான் நின்றது. தன் கையின்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

உமேஷ் தொடக்க விலையைச் சொன்னார். நல்ல பற்றவைப்பென்றால் மேலே படியும் கசடைத் தட்டவே வேண்டாம், ஆறும்போது தானே விட்டுவரும். கனகதாஸ் பற்றவைத்த துண்டைத் தன் காலால் மறைத்து நின்றான். காலுக்கடியில் டிக்கென்று ஒரு சத்தம். கசடு முழு நீளத்துக்கும் கழன்று சஜியின் செருப்பருகே உருண்டது. சஜி குனிந்து பார்த்தான்.

கனகதாஸ் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஏலம் கேட்க அவசரமாகக் கையைத் தூக்கினான். எப்சி அவனைப் பார்க்கவில்லை. சஜியின் கை எழும்புகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.