ஸ்ட்ராண்ட்பெர்க்கின் நான்காம் அட்டை

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி ஐந்து நிமிடம். நியூ ஜெர்சி மாநிலம், பிளெய்ன்ஸ்பரோவில் இரண்டாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நால்வர் இருந்தோம்: எழுபத்தொரு வயதான வசந்தாமணியாகிய நான், என் மகன் செழியன், மருமகள் பிரீத்தி, ஓர் அட்டையை மாற்றிக்கொள்வதற்காக எடிசனிலிருந்து வந்திருந்த மீரான் மைதீன். ஐந்தாமவராக, சரசுவதி படத்தின் முன் அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே, முன்பல் இரண்டும் இல்லாத ஓலே ஸ்ட்ராண்ட்பெர்க் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ராண்ட்பெர்க் பனி ஹாக்கியில் கோல் காப்பவர். நான் இந்நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், சமையலறையில் குறை சொல்லாமல் இருக்கட்டும் என்று என்னைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்தார்கள். அணியில் மற்ற ஐவரும் திருவிழாக் கூட்டம்போல் இடித்துக்கொண்டு அலைய, இவர் ஒருவரே தமக்குரிய இடத்தில் நின்றார். அன்றே பிடித்துவிட்டது.

அவருடைய அணி கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தின் ஒன்பது கணங்களை ஒன்பது அட்டைகளாக அச்சிட்டிருக்கிறார்கள். என் கோப்பின் முதல் பக்கத்தில் ஒன்பது பைகள்; எட்டு நிரம்பிவிட்டன. நான்காவது மட்டும் மூன்றாண்டுகளாகக் காலி. மல்லாந்த கரப்பான்பூச்சியைப் போல விழுந்து கிடந்து, ஒரு காலைத் தூக்கி, எதிரணி அடித்த ரப்பர் வட்டைத் தடுத்த கணம் அது. மூன்றுக்குப் பின் ஐந்து வரும் பக்கத்தை நாள்தோறும் திறந்து பார்ப்பது எத்தகைய வேதனை என்பதை எண்ணத் தெரிந்த எவரும் அறிவர்.

மீரானிடம் நான்காம் அட்டை கூடுதலாக ஒன்று இருந்தது. என்னிடம் ஒன்பதாவது இரண்டு இருந்தன. அதில் ஸ்ட்ராண்ட்பெர்க் கோப்பையை முத்தமிடுகிறார். முத்தம் என்பது மரியாதைக்காகச் சொல்வது, உண்மையில் நக்குகிறார். அந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்து நான்காவதைப் பெறுவதாக ஏற்பாடு. கோப்போ பூஜையில் இருந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பிரீத்தி அதை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை தொடக்கூடாது.

“நீங்கதான அத்தை பிரவுன் ஷீட் போட்டு, லேபிள் எல்லாம் ஒட்டி வெச்சிருந்தீங்க? இலக்கண நோட்டுன்னு நெனச்சுட்டேன்,” என்றாள் பிரீத்தி.

“தொறந்து பாத்திருக்கலாமே?”

“உங்க பொருளத் தொறந்தா திட்டுவீங்களே!”

உண்மைதான், திட்டியிருப்பேன்.

“ஆன்ட்டி, எனக்குக் காலைல ஆறு மணிக்கு ஃப்ளைட்,” என்றார் மீரான். “சான்டா கிளாரால புது வேலை. அங்க ஒருத்தரு இதே கார்டை ஒரு வருஷமா கேட்டுட்டு இருக்காரு. இன்னிக்கு எக்ஸ்சேஞ்ச் பண்ணலேன்னா நாளைக்கு அவருக்குத்தான்.”

“மெயில் பண்ணிடலாமே?” என்று கேட்டாள் பிரீத்தி.

“வேணாங்க. போன தடவை ஒரு கார்டு தோசை மாதிரி மடிஞ்சு வந்துச்சு. ஆன்ட்டி, எங்களுக்கு இந்த ரூல் கிடையாதே, நானே எடுத்துக்கட்டுமா?”

“ரூல் புஸ்தகத்துக்குத்தான் தம்பி, எடுக்கற ஆளுக்கு இல்ல.”

சோபாவில் கிடந்த செழியன் அடக்கமாட்டாமல் சிரித்தான். காரணம் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு இதே பூஜை நாளில் அவன் அலுவலகத்தில் ஏதோ பழுது, மடிக்கணினி பூஜையில். “ஊர்ல விடிஞ்சிருச்சும்மா, அங்க விஜயதசமி வந்தாச்சு, எடுத்துக்கறேன்,” என்று கெஞ்சினான். “நீ வரி கட்டறது எந்த ஊர்ல? அந்த ஊரு சூரியன்தான் உனக்கு,” என்று மறுத்துவிட்டேன். கொட்டும் மழையில் நண்பன் வீட்டுக்குக் காரோட்டிச் சென்று வேலையை முடித்துத் திரும்பினான்.

மீரான் இரண்டாம் முறை டீ குடித்தார். பின்னர் நான்காம் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். தூக்கிய காலோடு ஸ்ட்ராண்ட்பெர்க் கண்ணெதிரே கிடந்தார். மணி எட்டேகால்.

“கோயம்புத்தூர்ல இப்ப மணி என்ன?” என்று கேட்டேன்.

முதலில் சிரித்தவள் பிரீத்தி.

“அஞ்சே முக்கா,” என்றான் செழியன், எழுந்து உட்கார்ந்து. “ஏம்மா கேக்கற?”

“சும்மாத்தான்.”

“அத்தை, அங்க சூரிய உதயம் ஆறு பன்னெண்டு. நம்ம டைம் எட்டு நாப்பத்திரண்டு,” என்று கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள் அவள்.

“அப்படின்னா என் லேப்டாப்பும் எட்டு நாப்பத்திரண்டுக்கு வெளிய வரும்,” என்றான் மகன். “இந்த வருஷம் மட்டுமில்ல, எல்லா வருஷமும்.”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேறன்னு மீரான் அண்ணன் முன்னாடியே சொல்லு.”

“என்னைய இதுல இழுக்காதீங்க,” என்றார் மீரான். “ஆன்ட்டி, எனக்குப் பேக்கிங் பாக்கி இருக்கு.”

எப்படி வேறு என்று நேர்மையாக யோசித்தேன். அவனுடையது பிழைப்பு, என்னுடையது பல்லில்லாத ஒருவன் விழுந்து கிடக்கும் படம். வேற்றுமை இருந்தது. ஆனால் அது அவன் பக்கம் இருந்தது.

“போன வருஷம் நீ சொன்னது தப்புன்னு சொல்லும்மா, போதும்.”

மேசையைப் பார்த்தேன். மீரான் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார்.

“வையுங்க தம்பி,” என்றேன்.

முடிவு வருமாறு. சென்ற ஆண்டு நான் சொன்னது தவறு என்று செழியனிடம் ஒருமுறை சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல் என்றபோது மறுத்துவிட்டேன். எட்டு நாற்பத்திரண்டுக்கு, புகை அலாரம் அலறாதபடி பால்கனிக் கதவோரம் பிரீத்தி கற்பூரம் காட்டினாள். அட்டைக் கோப்பை நான் எடுத்தேன். மடிக்கணினியை அவன் எடுத்தான். இனி ஆண்டுதோறும் இவ்வீட்டில் விஜயதசமி கோயம்புத்தூர்ச் சூரியனின்படி விடியும். மீரான் ஒன்பது மணிக்கு ஒன்பதாம் அட்டையோடு புறப்பட்டார். நான்காம் அட்டை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ளது.