மருந்து ஜன்னல்

விடிவதற்கு முன்பே பசை நாற்றம் மூக்கில் ஏறிவிடும். சிறையின் காலணிப் பட்டறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. குளிர்காற்று பட்டால் பசை இறுகிவிடுமாம். நாங்கள் இறுகிப்போனால் யாருக்கும் கவலையில்லை. நௌரூஸ் புத்தாண்டுக்கு ஊர்க் குழந்தைகளெல்லாம் புதுக் காலணி போட வேண்டும் என்பதற்காக, ரப்பர் அடிப்பாகத்தின் மேல் தோலை வைத்து, இயந்திரத்தின் தடித்த ஊசிக்குக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தோம். ஊசிக்கும் விரலுக்கும் நடுவே முன்பு ஓர் இரும்புத் தடுப்பு இருந்தது. அது வேலையை மெதுவாக்குகிறது என்று பட்டறையைக் குத்தகைக்கு எடுத்த ஹாஜி மொயீன்பூர் எல்லா இயந்திரங்களிலிருந்தும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

எங்களில் பாதிக்கு மேல் அபின் வழக்கில் வந்தவர்கள். சரக்குக்குச் சொந்தக்காரன் வெளியே இருப்பான், சுமந்தவன் உள்ளே இருப்பான். பழக்கத்தை விடுவதற்காக, காலையில் மருந்து ஜன்னலில் எங்களுக்கு மெத்தடோன் பாகு கொடுப்பார்கள். அது நல்ல மருந்துதான். ஹாஜியின் கையில்தான் அது மூக்கணாங்கயிறு ஆகிவிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் தாவர் ஹாஜியின் அக்கா மகன். வேலையில் பின்தங்கியவனை வரிசைக் கடைசிக்குத் தள்ளுவார்கள்; அவன் முறை வரும்போது பாகு தீர்ந்திருக்கும். பாகு கிடைக்காத உடம்பு படும் பாட்டுக்கு எங்கள் பாஷையில் கொமார் என்று பெயர். எலும்புக்குள் குளிரும், குடல் புரளும், பல் கிட்டும் நடுக்கம்.

நூர்கொதா என்ற பலூச்சி இனத்து லாரிக்காரனின் உள்ளங்கையில் ஊசி இறங்கியது. ஹாஜி ஒரு கந்தலைச் சுற்றிவிட்டு அவனைத் திரும்ப இயந்திரத்தில் உட்கார வைத்தார். சில நாளில் கை வீங்கியது. அவன் நடுங்க ஆரம்பித்தான்.

"டாக்டர்கிட்ட அனுப்புங்க ஹாஜி" என்றேன்.

"இது கொமார்டா, யதுல்லா. கூடக் கொஞ்சம் பாகு வேணும்னு நடிக்கிறான். அபின்காரன் நடுங்குறதுக்கு டாக்டர் வேறயா?"

அந்தப் பாவி சொன்னதை நாங்களும் நம்பினோம். நடுக்கம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எங்கள் பாகை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு வந்து அவன் தேநீர்க் கோப்பையில் விட்டோம். குடித்தும் அவன் நடுக்கம் நிற்கவில்லை. காலையில் போர்வையை விலக்கினால், அவன் கை அக்குள் வரைக்கும் கறுத்திருந்தது. போதை அதிகமாகிச் செத்தான் என்று எழுதி, உடம்பை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து தோல் குத்தும் ஊசி ஒன்று என் சட்டைக் கைக்குள் இருந்தது. ஹாஜியின் கையைப் பிடித்து இயந்திரத்தின் கீழே வைத்து, நானே மிதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, ருசித்துத்தான் சொல்கிறேன்.

அந்த வாரமே ஷீர்தில் கையில் ஊசி இறங்கியது. என் பக்கத்து இயந்திரம் அவனுடையது. மணிக்கட்டுக்கு மேல் விஷம் ஏறும் சிவப்புக் கோடு தெரிய ஆரம்பித்ததும், சட்டைக் கைக்குள் இருந்த ஊசியை உருவிக்கொண்டு நான் எழுந்தேன். பெஹ்பூதி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கம்பளக் கடைக்காரன். காசோலை திரும்பி வந்ததால் உள்ளே வந்தவன், அபினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"குத்திட்டு நீ தூக்குக்குப் போயிடுவ. இவன் கைய யாரு பாப்பா?"

"அப்ப பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

ஷீர்தில்தான் மெதுவாகச் சொன்னான்: "ஒருத்தன் நடுங்குனா நடிப்புங்குறான். எல்லாரும் நடுங்குனா என்னண்ணே சொல்வான்?"

பாகை எல்லாரும் மறுத்தால் அதற்கு என்ன விலை என்று எங்கள் எல்லார் உடம்புக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஜன்னல் திறந்தது. தாவர் கிண்ணத்தை நீட்டினான். முதலில் நின்றது நான்.

"வாயத் திற."

நான் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்களில் யாருமே திறக்கவில்லை. தாவர் ஓடிப்போய் மாமாவை அழைத்து வந்தான்.

"என்னடா, நோன்பா?" என்றார் ஹாஜி.

"ஷீர்தில ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ஊசித் தடுப்ப மாட்டுங்க. அப்புறம் குடிக்கிறோம்."

ஹாஜி சிரித்தார். "நாளைக்கு என் கால்ல விழுந்து கேப்பீங்க. வாந்தியோட வாந்தியா கேப்பீங்க."

அதில் பாதி பலித்தது. இரண்டாம் நாள் பட்டறைத் தரையில் புழுவாய்ச் சுருண்டோம். எனக்கு என் தோலையே உரித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. மருந்து ஜன்னல் பக்கம் ஊர்ந்து போன ஒருவன் பாதி வழியில் அழுதுகொண்டே திரும்பி வந்தான். பெஹ்பூதியைப் போலக் காசோலை வழக்கில் வந்த காசோலைக்காரர்களுக்குப் பாகு தேவையில்லை, நினைத்திருந்தால் வேலை செய்திருக்கலாம். அவர்களும் இயந்திரத்தை விட்டு இறங்கி எங்கள் வாந்தியைத் துடைத்தார்கள், பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துத் தேநீர் புகட்டினார்கள். மூடியிருந்த பட்டறை ஜன்னல்களையும் பெஹ்பூதி திறந்து விட்டான். பசைத் தொட்டி இறுகிக் கல்லானது.

மத்தியானம் ஹாஜி வந்தார். கையில் கைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் சரக்குக் கேட்கிறார்கள். அதை எடுக்கவும் பயம், அணைக்கவும் பயம். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. காலணிப் பெட்டி ஒன்றை எடுத்தார், காலியாக இருந்தது, கை நடுங்கிக் கீழே போட்டார்.

"ஹாஜி, உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றான் பெஹ்பூதி.

"மூடுடா வாய."

"நடுங்குறீங்களே. எங்க கை உங்களுக்குப் பழக்கமாயிடுச்சு ஹாஜி. ரெண்டு நாள் கிடைக்கல. இதுக்குப் பேருதான் கொமார்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக நாங்கள் சிரித்தோம். ஆயுள் முழுக்க எனக்கு அந்தச் சிரிப்பு போதும். நூர்கொதாவுக்காகப் பாதி வஞ்சம் அங்கே தீர்ந்தது. மீதி இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

ஹாஜி குரலை இறக்கினார். "சரி. ஷீர்தில அனுப்புறேன். எல்லாரும் மெஷின்ல உக்காருங்க."

"முதல்ல வண்டி வரட்டும்" என்றேன்.

"என்னை நம்பலையா?"

"நூர்கொதா நம்பினான்."

அவர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். வண்டியைக் கூப்பிடத்தான் போனாரா, காவலர்களைக் கூப்பிடப் போனாரா, தெரியவில்லை. ஷீர்திலை நடுவில் உட்கார வைத்து, ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். காசோலைக்காரர்கள் வெளிச்சுற்றில் இருந்தார்கள். தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.