போதும் என்று சொல்ல ஓர் ஆள்

என் அண்ணி வரைகிற படங்களுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. வெறும் நிறம்தான். நான் தையல்காரி. ஒரு துணியைப் பார்த்தால் இது சட்டை, இது திரை என்று சொல்லத் தெரிய வேண்டும் எனக்கு. முதல் முறை அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, பெயின்ட் டப்பா கவுந்துடுச்சா?" என்று கேட்டேன். "சரியா கவுக்கத்தான் இத்தனை வருஷமா பழகறேன்" என்று சிரித்தாள்.

அண்ணனுக்கும் அந்தப் படங்களில் ஒன்றும் பிடிபடாது. ஆனால் அவனுக்கென்று ஒரு வேலை இருந்தது. அண்ணிக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது. நீலத்தின் மேல் மஞ்சள், அதன் மேல் சிவப்பு என்று போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் எல்லாவற்றையும் சேறாக்கிவிடுவாள். அண்ணன் ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று பார்ப்பான். ஏதோ ஒரு நாள் "போதும்" என்பான். உடனே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் முடித்த படமெல்லாம் அவன் வாயால் முடிந்தவைதான்.

போன வருஷம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்தன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு ஏன் இவ்ளோ கொஞ்சமா வச்சே?" என்று கேட்டான். கண்ணில் கோளாறு இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது என்றார் டாக்டர். அண்ணி தட்டைத் திருப்பி வைத்தாள். "அட, இன்னும் இருக்கே!" என்று அவன் சந்தோஷப்பட்டான். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அண்ணி அவன் கட்டிலுக்கு எதிரிலேயே கேன்வாஸ் துணி மாட்டுகிற ஸ்டாண்டைக் கொண்டுவந்து போட்டாள். புதுப் படத்தில் வலது பாதியில் மட்டும் நிறம் இருந்தது. இடது பாதி வெறும் வெள்ளை.

"பாதித் துணி வீணாகுதே. வெட்டிட்டு வரையலாம்ல?" என்றேன். துணி வீணானால் எனக்கு வயிறு எரியும்.

"வெட்டினா அந்தப் பாதியிலயும் பாதியைத்தான் உங்க அண்ணன் பார்ப்பார்."

"அப்போ தட்டு மாதிரி திருப்பிக் காட்டுங்க."

"திருப்பினா அது வேற படம்" என்றாள்.

அவள் வலது பாதியில் வேலை செய்தாள். அவன் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் "போதும்" என்றான். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். லாட்டரி விழுந்தவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் படங்களைக் கண்காட்சியில் மாட்டினார்கள். கேலரிக்காரர் அந்த வெள்ளையைக் காட்டிக் காட்டி, "இது வெறுமையின் மொழி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வெறுமையாவது மண்ணாங்கட்டியாவது! அது என் அண்ணனுக்கு எட்டாத இடம் என்று கத்தலாம்போல இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மழைக்காலத்தில் மறுபடியும் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் ஜன்னலைப் பார்த்து, "வெளியே நல்ல வெயில்" என்றான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பார்வை முழுக்கப் போய்விட்டது, போனதே அவருக்குத் தெரியாது, சில பேருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். அண்ணி மட்டும் நம்பவில்லை. வலது ஓரத்திலாவது கொஞ்சம் மிச்சமிருக்கும் என்றாள். சொன்னால் கேட்கிற ஆளா?

அந்த நம்பிக்கையில் ஒரு படம் ஆரம்பித்தாள். வலது விளிம்பை ஒட்டி ஒரே ஒரு பட்டை. நல்ல ஆரஞ்சு, அடியில் கொஞ்சம் பச்சை. நேற்று நான் போனபோது அது ஸ்டாண்டிலிருந்து என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் படம் ஒன்று எனக்குப் பிடித்தது இதுதான் முதல் முறை.

அண்ணி ஸ்டாண்டைக் கட்டிலுக்கு வலது பக்கமாக இழுத்து வைத்தாள். "என்னங்க, பாருங்க. போதுமா?"

அண்ணன் தலையைத் திருப்பினான். வெகுநேரம் பார்த்தான்.

"துணி வெள்ளையா இருக்கு. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா நீ?"

அவள் கை ஸ்டாண்டிலேயே இருந்தது.

"இல்லீங்க. இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன்" என்றாள். பிரஷ்ஷை எடுத்து நீலத்தில் தோய்த்தாள். ஆரஞ்சின் மேல் இழுத்தாள். பிறகு சிவப்பு. பிறகு மறுபடியும் நீலம். பட்டை கலங்கி, பழுப்பாகி, சேறாகிக்கொண்டே வந்தது.

"பாப்பாவும் வந்திருக்காளா?" என்று அண்ணன் கேட்டான். ஐம்பது வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"இங்கதான் இருக்கேன் அண்ணா" என்றேன்.

போதும் அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். துணியில் எங்கே கத்தரி வைப்பதென்று ஊருக்கே சொல்கிறவள் நான். ஆனால் அந்த ஒரு சொல் வரவில்லை. அந்த வீட்டில் அது அவனுடையது. அவள் வரைந்துகொண்டே இருந்தாள்.